ஃபாங்ஜி: ஒரு சிறுநீரக நோய் பிறந்த கதை

1990 மே மாதம். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றின் மருந்துச் சீட்டில் புதிதாக இரண்டு வரிகள் ஏறின. கிளினிக் பழையது, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாக நடந்துவந்தது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நோய் என்று எதுவும் இல்லாதவர்கள். நாலைந்து கிலோ இளைத்தால் தேவலை என்று வந்தவர்கள். பசியை அடக்க ஃபென்ஃப்ளூரமின், நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, மலமிளக்கி ஒன்று, கொஞ்சம் பெல்லடோனா சாறு என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கலவைதான் கொடுத்தார்கள். அந்தக் கலவையில் இப்போது இரண்டு சீன மூலிகைகளின் பொடி சேர்ந்தது. ஒன்று மக்னோலியா மரப்பட்டை. மற்றது ஸ்டெஃபானியா என்னும் கொடியின் வேர். ரசாயன மாத்திரைகளுக்கு நடுவே இயற்கையானது, சாதுவானது என்று நம்பிச் சேர்த்தவை இவை இரண்டுமே.

1992-இல் பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் எராஸ்ம் மருத்துவமனைக்கு இரண்டு இளம்பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது. சிறுநீரகத் துறையின் தலைவர் ழான்-லூயி வான்ஹெர்வெகெம். அவருடைய குழுவினர் ஊசி போட்டு எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது வழக்கமான எந்தக் கணக்கிலும் அது அடங்கவில்லை.

சிறுநீரகத்தில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. நுண்குழல் முடிச்சுகள் ரத்தத்தை வடிகட்டும். அவற்றைத் தொடர்ந்து வரும் நுண்குழாய்கள், வடிந்த நீரிலிருந்து உடம்புக்கு வேண்டியதை மீட்டெடுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் முதல் கட்டத்தைக் கெடுப்பவை. இந்தப் பெண்களுக்கோ முடிச்சுகள் ஓரளவு நன்றாகவே இருந்தன. நுண்குழாய்கள்தான் சுருங்கி மறைந்து, அவை இருந்த இடமெல்லாம் தழும்புத் திசுவாகியிருந்தது. அழற்சி அணுக்கள் குவிந்திருந்தால் ஏதோ ஒவ்வாமை என்றாவது சொல்லலாம். அதுவும் இல்லை. ரத்த அழுத்தம் பெரிதாக ஏறவில்லை, காலில் வீக்கமில்லை, சிறுநீரில் புரதம் கொஞ்சமே போயிற்று. ரத்தசோகை மட்டும் சிறுநீரகக் கேட்டின் அளவை மிஞ்சி இருந்தது. இப்படிப்பட்ட நோயாளிக்கு வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள ஓர் அறிகுறியும் கிடையாது. அசதியாக இருக்கிறது என்று போய் ரத்தம் கொடுத்துப் பார்க்கும்போது பாதிச் சிறுநீரகம் போயிருக்கும்.

இருவரும் ஒரே கிளினிக்கில் மருந்து வாங்கியவர்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. கேட்டதே பெரிய விஷயம் என்பேன். நம் ஊரிலும் “மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டால் “ஒண்ணும் இல்லைங்க” என்ற பதில்தான் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. காலையில் குடிக்கும் கஷாயத்தையும் ராத்திரி தேனில் குழைத்து நக்கும் சூரணத்தையும் அவர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்த டாக்டருக்குத்தான் உண்மை கிடைக்கும்.

வான்ஹெர்வெகெம் அடுத்து டயாலிசிஸ் பதிவேடுகளைப் புரட்டினார். 1991-லும் 1992-லும் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் இதே வகைச் சிறுநீரகக் கேட்டோடு டயாலிசிஸுக்கு வந்த, ஐம்பது வயதுக்குக் குறைந்த பெண்களைத் தேடினார். மேலும் ஏழு பேர் அகப்பட்டார்கள். அவர்களும் அதே கிளினிக்கின் சீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள்தான். ஒன்பது பேரின் கதையும் 1993 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1992 முடிவதற்குள், அந்த மூலிகைகளுக்கு பெல்ஜியத்தில் தடை வந்துவிட்டது.

இவ்வளவு விரைவில் பிடிபட்டதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் மட்டுமன்று. அந்த கிளினிக் ஆண்டுக்கணக்கில் ஒரே கலவையைக் கொடுத்துவந்தது. 1990 மே மாதத்துக்கு முன் அங்கே மருந்து வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது அந்த இரண்டு வரிகள் மட்டுமே. பெல்ஜியத்தில் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்தாளுநர் பொடியை நிறுத்துக் கொடுத்து, கணக்கும் எழுதிவைப்பார். யார், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை கிராம் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. சந்தைக் கடையில் கைப்பிடி அளவில் வாங்கிய வேராக இருந்திருந்தால், ஒன்பது பெண்களும் ஒன்பது மருத்துவமனைகளில் ‘காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்பு’ என்ற பெயரில் கிடந்திருப்பார்கள்.

புதிர் அத்தோடு தீரவில்லை. ஸ்டெஃபானியா வேர் சிறுநீரகத்தைத் தின்னும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த வேரில் டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு இருக்க வேண்டும். அதுதான் அதன் அடையாளம். ஸ்டெஃபானியா என்ற பெயரில் பெல்ஜியத்துக்கு இறக்குமதியான மூட்டைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் டெட்ராண்ட்ரினே இல்லை. இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம். அது ஸ்டெஃபானியாவில் இருக்கக்கூடிய பொருளே அல்ல. அரிஸ்டோலோகியா என்ற முற்றிலும் வேறான செடிக்குடும்பத்தின் விஷம் அது.

மாறாட்டம் நடந்தது பெயரில். சீன மருந்துக் கடைகளில் ஸ்டெஃபானியாவின் வேருக்கு ‘ஹான் ஃபாங்ஜி’ என்று பெயர். அரிஸ்டோலோகியா ஃபாங்ச்சி என்ற செடியின் வேருக்கு ‘குவாங் ஃபாங்ஜி’. முன்னொட்டை விட்டுவிட்டால் இரண்டும் ஃபாங்ஜிதான். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் போடுவது அங்கே வழக்கத்தில் இருந்ததுதான். பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் இந்தக் கலப்பை 1994-இல் ‘லான்செட்’டில் உறுதிப்படுத்தினார்கள். இதைப் படிக்கும்போது சீனர்களை நொந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. நம் சந்தையில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த கட்டில் அதே இனத்தின் வேறு செடிகளும் கலந்திருப்பதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கீழாநெல்லி விஷயத்தில் கலந்தவை நெருங்கிய உறவுக்காரச் செடிகள். ஃபாங்ஜியில் அப்படி அமையவில்லை.

மொத்தத்தில் அந்த கிளினிக்கின் மருந்தால் சிறுநீரகம் கெட்டவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு சாப்பிட்ட கேப்சூல் அது. நிறுத்திய பிறகும் பலருக்குச் சிறுநீரகம் தொடர்ந்து தேய்ந்துகொண்டே போனது.

சரி, இந்த விஷத்தை 1994-க்கு முன் உலகம் அறியவே இல்லையா? அறிந்திருந்தது, துண்டு துண்டாக. 1964-இல் சீன மருத்துவர் ஒருவர், ‘முதோங்’ என்ற மூலிகையை அதிக அளவில் சாப்பிட்ட இருவருக்குத் திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோனதைச் சீன இதழ் ஒன்றில் எழுதியிருந்தார். அந்த முதோங்கும் அரிஸ்டோலோகியாதான். அகீபியா என்ற சாதுவான கொடிக்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஜெர்மனியில் அரிஸ்டோலோகிக் அமிலம் எதிர்ப்புச் சக்தி தரும் மருந்தாகவே விற்றுக்கொண்டிருந்தது. எலிகளுக்கு அது வெகு விரைவில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற ஆய்வு 1980-களின் தொடக்கத்தில் வந்ததும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது துண்டு பால்கன் நாடுகளில் கிடந்தது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

டான்யூப் ஆற்றில் வந்து கலக்கும் துணையாறுகளின் கரையில் குரோவேஷியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா என ஐந்து நாடுகளிலும் சில கிராமங்கள் உண்டு. 1950-களின் நடுவில் பல்கேரிய, யூகோஸ்லாவிய மருத்துவர்கள் அங்கே ஒரு விசித்திரமான சிறுநீரக நோயைக் குறித்தார்கள். விவசாயக் குடும்பங்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் சத்தமில்லாமல் சிறுநீரகம் சுருங்கிச் செத்தார்கள். ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு சாவு. அடுத்த கிராமத்தில் ஒருவருக்கும் இல்லை. ஒரே வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் வரும், ஆகவே பரம்பரை நோய் என்றும் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து குடிவந்தவர்களுக்குப் பதினைந்து, இருபது ஆண்டு கழித்து வந்தது. சின்ன வயதில் ஊரைவிட்டுப் போனவர்கள் தப்பித்தார்கள். அந்த நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து கீழிறங்கும் குழாயில் அபூர்வமான ஒரு புற்றுநோயும் சேர்ந்து வந்தது.

காரணம் தேடி அரை நூற்றாண்டு அலைந்தார்கள். மாவில் ஈயம் என்றார்கள், தானியத்தில் பூக்கும் பூஞ்சையின் நஞ்சு என்றார்கள், வைரஸ் என்றார்கள், பழுப்பு நிலக்கரிப் படிவத்திலிருந்து கிணற்று நீரில் கசிவது என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருந்தது, மாநாடுகள் நடந்தன. 1960-களின் கடைசியில் செர்பியாவின் நீஷ் நகரத்து மருத்துவர் மிலென்கோ இவிச் வேறொன்றைச் சொன்னார். அந்தக் கிராமங்களின் கோதுமை வயல்களில் அரிஸ்டோலோகியா க்ளெமாட்டிடிஸ் என்ற களை மண்டிக் கிடக்கிறது. அறுவடையின்போது அதன் விதைகள் கோதுமையோடு கலந்து மாவாகி, வீட்டில் சுடும் ரொட்டியில் சேருகின்றன என்றார். முயல்களுக்கு அந்த விதையைத் தீனியில் கலந்து கொடுத்துச் சிறுநீரகம் கெடுவதையும் காட்டினார். யாரும் பொருட்படுத்தவில்லை. உள்ளூர் மொழியில் எழுதிய கட்டுரை, பெரிய பரிசோதனைச் சாலை எதுவும் பின்னால் இல்லாத மனிதர். பூஞ்சைக் கட்சியோ பலமானது.

இருபத்தைந்து ஆண்டு கழித்துத்தான் இந்தத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 1994-இல் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயியல் நிபுணர் ழான்-பியர் கோசின்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வியைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள்: பிரஸ்ஸல்ஸ் பெண்களின் நோய், பால்கன் நோய்க்குத் துப்புக் கொடுக்கிறதா? அந்தக் கட்டுரையில் ஸ்லோவேனியாவின் நோயியலாளர் ஒருவரும் சேர்ந்திருந்தார். பால்கன் சிறுநீரகங்கள் அவருக்குப் பழக்கமானவை. நுண்ணோக்கியில் இரண்டு நோய்க்கும் அடையாளம் ஒன்றுபோல இருந்தது. ஒன்று உடல் இளைக்க கேப்சூல் விழுங்கிய நகரத்துப் பெண்ணின் சிறுநீரகம். மற்றது தன் வயல் கோதுமையில் ரொட்டி சுட்டுத் தின்ற குடியானவனுடையது.

பால்கன் நோய்க்குப் புற்றுநோய் துணைவருகிறது என்றால் பிரஸ்ஸல்ஸ் பெண்களுக்கும் அது வர வேண்டுமே? வந்தது. டயாலிசிஸில் இருந்தவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும், வேலை செய்யாமல் உள்ளே கிடந்த பழைய சிறுநீரகங்களையும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 39 பேர் சம்மதித்தார்கள். எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வில் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தது. 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள். சுத்தமாக இருந்தவர்கள் இருவரே. 2000 ஜூனில் ழோயல் நோர்ட்டியே முதலானோர் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசி’னில் இதை வெளியிட்டபோது, மருந்தாளுநர்களின் கணக்கு மறுபடியும் கைகொடுத்தது. அந்த வேர்ப்பொடியை மொத்தமாக 200 கிராம் வரை சாப்பிட்ட 24 பேரில் 8 பேருக்குப் புற்றுநோய். அதற்கு மேல் சாப்பிட்ட 15 பேரில் 10 பேருக்கு. 200 கிராம் என்பது நம் கடையில் ஒரு பொட்டலம் மல்லித்தூளின் எடை.

இந்த நோய்க்கு அதுவரை ‘சீன மூலிகைச் சிறுநீரக நோய்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் சீனாவின் மூலிகைகள் எல்லாவற்றின் மீதும் பழி. அரிஸ்டோலோகியாவின் பெயரோ எங்கும் இல்லை. 2001-இல் பெல்ஜிய மருத்துவர்கள் சிலர் ஒரு சீன நோயாளியின் கதையை எழுதினார்கள். எடை குறைப்பு கிளினிக்குக்கும் அந்த நோயாளிக்கும் சம்பந்தமில்லை. சீனத் தயாரிப்பு மருந்தொன்றைச் சாப்பிட்டவர். சிறுநீரகத்தில் அரிஸ்டோலோகிக் அமிலத்தின் தடம் இருந்தது. பழைய பெயரைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டதல்லவா என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே கேட்டது. ‘அரிஸ்டோலோகிக் அமிலச் சிறுநீரக நோய்’ என்ற பெயர் அதன்பின் நிலைத்தது. நீளமான பெயர்தான், ஆனால் குற்றவாளியைச் சுட்டுகிறது.

தடம் என்றேனே, அது வெறும் பேச்சு வழக்கல்ல. இந்த அமிலத்தைச் சிறுநீரகத்தின் நுண்குழாய் உயிரணுக்கள் ரத்தத்திலிருந்து தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வேண்டாததை வெளியே தள்ளுவதற்காக அமைந்த வாசல்கள்தான் அவை. உள்ளே அது உருமாறி டி.என்.ஏ.வில், குறிப்பாக அடினின் என்ற எழுத்தில், ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் உயிரணுவின் இயந்திரம் இந்த ஒட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆகவே இருபது, முப்பது ஆண்டு கழித்தும் அது அங்கேயே இருக்கும். உயிரணு பிரியும்போது அந்த இடத்தில் அடினினுக்குப் பதில் தைமின் விழுந்துவிடும். மற்றப் புற்றுநோய்களில் இந்தக் குறிப்பிட்ட எழுத்துப் பிழை அரிது. அதனால் ஒரு கட்டியை எடுத்து அதன் மரபணுவைப் படித்தாலே, இந்த மனிதர் எப்போதோ அரிஸ்டோலோகியாவைத் தின்றிருக்கிறார் என்று சொல்லிவிட முடிகிறது. தின்றவருக்கே ஞாபகமில்லாமல் இருக்கலாம்.

பால்கன் வழக்கு முடிந்தது இப்படித்தான். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் குரோல்மனும், ஸாக்ரெப் நகரத்தின் போயான் யெலாகோவிச் முதலானோரும் குரோவேஷியக் கிராமத்து நோயாளிகளின் சிறுநீரகத் திசுவையும் கட்டிகளையும் ஆராய்ந்தார்கள். ஒட்டும் இருந்தது, பிழையும் இருந்தது. முடிவு வெளியான ஆண்டு 2007. முயலுக்கு விதை போட்ட இவிச் சொன்னது சரியென்று நிலைநிற்க ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்தது. பூஞ்சைக் கட்சியின் ஆய்வுகள் அத்தனையும் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் வயலுக்குப் போய்க் களையைப் பார்த்தவரின் பேச்சை, அவர் எழுதிய மொழியைப் பார்த்து ஒதுக்கியதில் எத்தனை அறுவடை கழிந்ததோ.

பிரஸ்ஸல்ஸில் நூறு பேர், டான்யூப் கரையில் ஆயிரக்கணக்கானோர். தைவானின் கணக்கு இவற்றையெல்லாம் சிறிதாக்கிவிட்டது. சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் வரும் இந்தப் புற்றுநோய் உலகிலேயே தைவானில்தான் மிக அதிகம். ஏன் என்பது நெடுநாள் கேள்வி. தைவானின் தேசிய மருத்துவக் காப்பீடு சீன வைத்தியத்துக்கும் பணம் கொடுக்கும். ஆகவே எந்த மூலிகை யாருக்கு எப்போது எழுதப்பட்டது என்பது கணினியில் இருந்தது. 1997 முதல் 2003 வரையிலான பதிவுகளில் மாதிரிக்கு எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு அரிஸ்டோலோகியா சேர்ந்த அல்லது சேர்ந்திருக்கக்கூடிய மருந்து எழுதப்பட்டிருந்தது. 2003-இல் தைவான் இவற்றைத் தடை செய்தது. முதோங் என்ற பெயரில் புழங்கிய அரிஸ்டோலோகியாவை அதே ஆண்டு சீனாவும் விலக்கியது. 2012-இல் தைவான் நோயாளிகள் 151 பேரின் கட்டிகளையும் திசுக்களையும் ஆராய்ந்த குரோல்மன் குழுவுக்குப் பெரும்பாலானவற்றில் பழைய தடயம் கிடைத்தது. சிறுநீர்ப் பாதையோடு கதை நிற்கும் என்றுதான் நினைத்தார்கள். 2017-இல் தைவானின் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளைப் படித்துப் பார்த்தால், 78 விழுக்காட்டில் அதே எழுத்துப் பிழை.

“ஆயிரம் வருஷமா சாப்பிடறாங்க, ஒண்ணும் ஆகலையே” என்ற வாதத்தை இந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்த வாதம் முழுக்கத் தப்பில்லை. எட்டிக்கொட்டையும் சேராங்கொட்டையும் விஷம் என்று நம் சித்தர் மரபுக்கு நன்றாகத் தெரியும். சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று முறையும் வகுத்திருக்கிறார்கள். தின்றவன் அன்றைக்கே துடித்தால், தொட்டவன் தோல் கொப்புளித்தால், எந்த வைத்தியனும் கவனித்துவிடுவான். நாற்பது வயதில் தின்ற வேர் அறுபது வயதில் சிறுநீர்க் குழாயில் கட்டியாக வந்தால், அதையும் இதையும் எந்தத் தனி மனிதக் கண்ணும் சேர்த்துப் பார்க்க முடியாது. கிரேக்கர் காலம் தொட்டு அரிஸ்டோலோகியாவைப் பேறுகால மருந்தாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள். பழைய மருத்துவ நூல்கள் எதிலும் இந்த நோய் பதிவானதாகத் தெரியவில்லை. தேதி போட்ட சீட்டுகளும் டயாலிசிஸ் பதிவேடும் ஒரே ஊரில் வாய்த்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அரிஸ்டோலோகியா சேர்ந்த மூலிகை மருந்துகளை 2002-இல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

இந்தச் செடிக்குடும்பம் நமக்கு அந்நியமில்லை. கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை ஓர் அரிஸ்டோலோகியா. பெருமருந்து என்றும் ஈசுவரமூலி என்றும் சொல்கிற கொடி இன்னொன்று. இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. நம் காடுகளின் பெரிய பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் இந்த இலைகளை மட்டுமே தின்று, விஷத்தை உடம்பில் சேமித்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. இயற்கை விவசாயிகள் ஆடு மாடு கடிக்காத இலைகளோடு ஆடுதீண்டாப்பாளையையும் ஊறவைத்துப் பூச்சிவிரட்டி காய்ச்சுகிறார்கள். அது செடிக்குத் தெளிப்பது. வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் மாதவிலக்குக் கோளாறுக்கும் உள்ளே கொடுப்பதுதான் வேறு விஷயம். பாக்கெட்டில் அடைத்து விற்கும் மருந்தென்றால் சேர்மானப் பட்டியலில் அரிஸ்டோலோகியா என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் தாளில் மடித்துத் தருகிற பொடியில் அதற்கு வழியில்லை. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு, அந்தத் தாளிலேயே தேதியோடு எழுதித் தரச் சொல்ல வேண்டியதுதான். எழுதித் தர யோசிக்கிற கடையில் வாங்காமல் வந்துவிடலாம்.